அக்காவின் வாயில் வெள்ளைக் கோடுகள்

அக்காவுக்கு ரத்தம் ஏற்றியதுண்டா என்று அதுவரை எந்த மருத்துவரும் கேட்டதில்லை. ஐந்து ஆண்டுகளாக வாய்க்குள் எரிச்சலோடு காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். பல் மருத்துவர், தோல் மருத்துவர், மறுபடியும் பல் மருத்துவர் என்று படியேறி இறங்கியிருந்தாள். எல்லோரும் வாயைத் திறக்கச் சொன்னார்கள், விளக்கடித்துப் பார்த்தார்கள், களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். 2019-இல் ஒரு நாள், வாய்நோய்ப் பிரிவில் பயிற்சியில் இருந்த ஓர் இளம் மருத்துவர் அவளுடைய பழைய சீட்டுகளையெல்லாம் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்களுக்கு எப்போதாவது ரத்தம் ஏற்றியிருக்கிறார்களா?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"ஆமாம். மூத்தவன் பிறந்த அன்று. 1987. பிள்ளை பிறந்த பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை. இரண்டு பாட்டில் ஏற்றினார்கள்" என்றாள்.

மருத்துவர் தலையசைத்துவிட்டு, பரிசோதனைச் சீட்டில் கூடுதலாக ஒரு வரி எழுதினார்: ஹெபடைடிஸ் சி. கல்லீரலைத் தாக்கும் ஒரு வைரஸ் தொற்று.

திரும்பும் வழியெல்லாம் அக்கா பேசவில்லை. எனக்கோ கோபம். வாயில் உள்ள கோளாறுக்குக் கல்லீரலை ஏன் போய்த் தோண்டுகிறார்கள்? நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஓர் ஏட்டுத் தொகையைக் காரணமில்லாமல் இன்னோர் ஏட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பதைப் பொறுக்க மாட்டேன். அந்தக் கோபத்தோடுதான் அன்றிரவு படிக்க உட்கார்ந்தேன். கோபம் சில நாட்களில் போய்விட்டது. படிப்பு இன்னும் நிற்கவில்லை.

அக்காவின் நோய்க்கு லைக்கன் பிளானஸ் என்று பெயர். பாறையிலும் மரப்பட்டையிலும் ஒட்டிக்கொண்டு தட்டையாகப் படருமே, சாம்பலும் பச்சையும் கலந்த ஒன்று, அதுதான் லைக்கன். பிளானஸ் என்றால் லத்தீனில் தட்டை. 1869-இல் லண்டன் தோல் மருத்துவர் எராஸ்மஸ் வில்சன் வைத்த பெயர். பெயரைக் கேட்டால் ஏதோ பூஞ்சை தொற்றிக்கொண்டது போல இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. இது தொற்றுநோயே கிடையாது. தோலில் வந்தால் ஊதா நிறத்தில் அரிக்கும் தடிப்புகள். வாயில் வந்தால் கன்னத்தின் உட்புறத்தில் மெல்லிய வெள்ளைக் கோடுகள், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பனியில் நனைந்த சிலந்தி வலை போல. 1895-இல் பாரிஸைச் சேர்ந்த லூயி விக்காம் இந்தக் கோடுகளை விவரித்து எழுதினார். இன்றும் அவை அவர் பெயரால்தான் அழைக்கப்படுகின்றன. ஒரு கன்னத்தில் இருந்தால் மறு கன்னத்திலும் இருக்கும். இந்த ஒழுங்கே நோயை அடையாளம் காட்டும் குறிகளில் ஒன்று.

பெரியவர்களில் நூறு பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ இது இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. நடுவயதைத் தாண்டியவர்களிடம், அதிலும் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. கோடுகள் மட்டும் இருந்தால் பலருக்கு ஒன்றுமே தெரியாது; பல் பார்க்கப் போன இடத்தில் மருத்துவர் சொல்லித்தான் தெரியவரும். ஆனால் அந்தக் கோடுகளுக்கு நடுவே சவ்வு சிவந்து மெலிந்து உரியத் தொடங்கினால் வாழ்க்கை மாறிவிடும். அக்காவுக்கு அப்படித்தான் ஆனது. காரமும் புளிப்பும் போயிற்று. சூடு போயிற்று. பற்பசையின் நுரைகூடப் பொறுக்கவில்லை. ஈறு தோலுரிந்து, பல் தேய்க்கும்போதெல்லாம் ரத்தம் கசிந்தது. சத்துக் குறைவு என்று மாத்திரை சாப்பிட்டாள். பூஞ்சை என்று மருந்து தடவினாள். திசுப் பரிசோதனை செய்து பெயர் தெரிந்துகொள்ளவே இரண்டு ஆண்டுகள் ஆயின.

பெயர் தெரிந்த பிறகும் "ஏன்" என்பதற்குப் பதில் கிடைக்கவில்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் நடப்பது தெளிவாகத் தெரியுமாம்: வாயின் மேற்சவ்வுக்கு அடியில் நோயெதிர்ப்பு அணுக்கள் பட்டையாக வந்து குவிந்திருக்கும். அவற்றில் டி செல்கள்தான் மிகுதி. அவை மேலேறி, சவ்வின் அடி வரிசையில் இருக்கும் செல்களை ஒவ்வொன்றாகக் கொல்கின்றன. கிருமியைக் கொல்லப் பழகியவை சொந்த வீட்டாரைக் கொல்கின்றன. யார் ஏவியது? சிலருக்கு ரத்த அழுத்த மாத்திரைகளில் சில, வலி நிவாரணிகளில் சில இதே போன்ற கோடுகளை வரவைக்கும். சிலருக்குப் பல்லில் அடைத்த உலோகக் கலவை உராயும் இடத்தில் மட்டும் வரும். பெரும்பாலானவர்களுக்கு எந்தக் காரணமும் அகப்படுவதில்லை. ஒரு சிலருக்கு, ஹெபடைடிஸ் சி.

இங்கேதான் என் சந்தேகம் தொடங்கியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கலாம் அல்லவா? இரண்டும் வயதானவர்களிடம் கூடுதலாகக் காணப்படுபவை. வயதான நூறு பேரைப் பிடித்து வாயையும் ரத்தத்தையும் சோதித்தால், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இரண்டும் ஒருவரிடமே தென்படத்தானே செய்யும்?

ஆய்வாளர்களும் இதையே கேட்டிருக்கிறார்கள் என்பது படிக்கப் படிக்கத் தெரிந்தது. என்னை முதலில் அசைத்தது ஆண்டுகளின் வரிசை. 1970-களின் இறுதியிலேயே இத்தாலியத் தோல் மருத்துவர்கள், வாயில் புண்ணாகும் வகை லைக்கன் பிளானஸ் உள்ளவர்களில் சிலருக்குக் கல்லீரலும் கெட்டிருப்பதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். 1990-இல் அதே நாட்டில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நோயாளிகளையும் நோயில்லாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கல்லீரல் நோயோடு தொடர்பு இருப்பதாகச் சொன்னார்கள். ஹெபடைடிஸ் சி வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதோ 1989-இல். அதைக் கண்டறியும் பரிசோதனை கைக்கு வந்தவுடன், 1991-இல், பிரான்ஸிலிருந்து அந்த வைரஸையும் லைக்கன் பிளானஸையும் சேர்த்துப் பேசும் அறிக்கை வந்துவிட்டது. அதாவது, குற்றவாளியின் பெயர் தெரிவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே காலடித் தடத்தை யாரோ பார்த்து வைத்திருந்தார்கள்.

அந்த 1989-ஐ நான் கடந்து போக முடியவில்லை. அக்காவுக்கு ரத்தம் ஏற்றியது 1987.

1970-களில் அமெரிக்காவில் ஹார்வி ஆல்டர் என்ற ஆய்வாளர், ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு வரும் கல்லீரல் அழற்சியைத் தொடர்ந்து கவனித்துவந்தார். அப்போது தெரிந்திருந்த வைரஸ்கள் ஏ, பி இரண்டுதான். இரண்டுக்கும் பரிசோதனை செய்தார்கள். பல நோயாளிகளிடம் இரண்டுமே இல்லை. ஆகவே அந்த நோய்க்கு "ஏ-யும் அல்ல, பி-யும் அல்ல" என்றே பெயர். இன்னதென்று சொல்ல முடியாமல், இன்னதில்லை என்பதையே பெயராக வைத்துக்கொண்டு மருத்துவ உலகம் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தது. கைரான் என்ற நிறுவனத்தில் மைக்கேல் ஹூட்டனும் உடன் பணியாற்றியவர்களும், நோயுற்ற சிம்பன்ஸியின் ரத்தத்திலிருந்து மரபணுத் துண்டுகளைப் பிரித்தெடுத்து, அவற்றைப் பாக்டீரியாவில் புகுத்தி, நோயாளிகளின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம்) எதை அடையாளம் காண்கிறது என்று தேடினார்கள். எண்ணற்ற துண்டுகளில் ஒன்று சிக்கியது. பிறகு சார்லஸ் ரைஸ், இந்த வைரஸ் தனியாகவே நோயை உண்டாக்கும் என்று காட்டினார். 2020-இல் மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அறிவிப்பு வந்த அன்று நான் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "நல்லவர்கள்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்த ஒரு சொல்லை அவள் சொன்ன விதம் எனக்குப் போதுமாக இருந்தது.

1987-இல் அந்த இரண்டு பாட்டில் ரத்தத்தை எந்த ரத்த வங்கியாலும் சோதித்திருக்க முடியாது. சோதிக்க ஒன்றுமே இல்லை. அந்த ரத்தம் அவள் உயிரைக் காப்பாற்றியது என்பதும் உண்மை. யார் மீதும் கோபப்பட முடியாத துயரம் என்று ஒன்று உண்டு என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

சரி, தொடர்பு எவ்வளவு? 2009-இலும் 2010-இலும் வெளிவந்த இரண்டு தொகுப்பாய்வுகள், அதுவரை நடந்த ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு ஏறத்தாழ ஒரே முடிவுக்கு வந்தன: லைக்கன் பிளானஸ் உள்ளவர்களிடம் ஹெபடைடிஸ் சி எதிர்ப்பொருள் இருப்பதற்கான வாய்ப்பு, மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. மறுபக்கத்திலிருந்து பார்த்தாலும், ஹெபடைடிஸ் சி உள்ளவர்களிடம் லைக்கன் பிளானஸ் கூடுதலாகவே தென்படுகிறது.

ஐந்து மடங்கு என்ற சொல் பயமுறுத்தும். அதனால் கணக்கு எழுதுகிறவனாக இங்கே கொஞ்சம் நிற்கிறேன். ஓர் ஊரில் நூறு பேரில் ஒருவருக்கு அந்த வைரஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே லைக்கன் பிளானஸ் உள்ள நூறு பேரைச் சோதித்தால் ஐந்து பேருக்கு இருக்கும். மீதி தொண்ணூற்றைந்து பேருக்கு இல்லை. ஆயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கும் ஊரில், லைக்கன் பிளானஸ் உள்ள ஆயிரம் பேரில் ஐவருக்கு. அங்கே ஓர் ஆய்வாளர் நூறு நோயாளிகளை மட்டும் சோதித்தால் ஒருவர்கூட அகப்படாமல் போகலாம். "தொடர்பு ஒன்றும் தெரியவில்லை" என்று எழுதிவிட்டுப் போவார். அவர் எழுதியது பொய்யில்லை. வாயில் வெள்ளைக் கோடுகள் இருக்கின்றன என்பதற்காக யாரும் தங்களுக்குக் கல்லீரல் நோய் என்று முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு இருக்காது.

ஆனால் இந்தக் கணக்கு எல்லாவற்றையும் விளக்கிவிடவில்லை. இந்த விஷயத்திலேயே என்னை அதிகம் ஈர்த்த புதிர் அதுதான். இத்தாலியிலும் ஜப்பானிலும் நடந்த ஆய்வுகளில் தொடர்பு பளிச்சென்று தெரிகிறது. பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் நடந்தவற்றில் காணவில்லை. வைரஸ் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது ஒரு பகுதிக் காரணம். ஆய்வுக்கு ஒப்பீடாக எடுத்தவர்களின் வயது சரியாகப் பொருந்தியதா என்பது இன்னொன்று. மூன்றாவதாக, ஆட்களின் மரபணு. எந்த அந்நியப் பொருளை எப்படி அடையாளம் காண வேண்டும் என்று நோயெதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டிக்கொடுக்கும் புரதங்கள் நம் செல்களின் மேற்பரப்பில் உண்டு. அவை ஆளுக்கு ஆள் வேறுபடும். இத்தாலிய ஆய்வாளர்கள் தங்கள் நோயாளிகளை ஆராய்ந்தபோது, ஹெபடைடிஸ் சி-யும் வாய் லைக்கன் பிளானஸும் சேர்ந்து வந்தவர்களிடம் எச்.எல்.ஏ.-டிஆர்6 என்ற வகை கூடுதலாக இருந்தது. அப்படியானால், ஒரே வைரஸ் ஒருவர் உடம்பில் வாயோடு வம்பு வளர்க்கும். இன்னொருவர் உடம்பில் வாயைத் தொடாமலே விட்டுவிடும்.

வைரஸ் வாயில் இருக்கிறதா என்றும் தேடியிருக்கிறார்கள். இருக்கிறது. நோயாளிகளின் வாய்ச் சவ்வுச் செல்களில் அதன் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ. கிடைத்திருக்கிறது. ஆனால் கோடுகளே இல்லாத ஹெபடைடிஸ் சி நோயாளிகளின் வாயிலும் கிடைத்திருக்கிறது. அப்படியென்றால் வைரஸ் அங்கே இருப்பது மட்டும் போதாது. 2002-இல் வந்த ஓர் இத்தாலிய ஆய்வு அடுத்த படிக்குப் போனது. வாய்ப் புண்ணில் குவிந்திருந்த டி செல்களை எடுத்து, அவை எதைக் குறிவைக்கின்றன என்று பார்த்தார்கள். ஹெபடைடிஸ் சி வைரஸைக் குறிவைக்கும் டி செல்கள் அங்கே இருந்தன. அதே நோயாளியின் ரத்தத்தில் இருந்ததைவிடச் செறிவாக இருந்தன.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் கல்லீரலில் நடப்பதும் இதுவேதான். ஹெபடைடிஸ் சி வைரஸ் கல்லீரல் செல்களை நேரடியாகக் கொல்வது குறைவு. வைரஸ் புகுந்த செல்களைத் தாக்கப் போகும் நம் நோயெதிர்ப்பு அணுக்கள்தான் பெரும்பாலான சேதத்தைச் செய்கின்றன. ஆண்டுக்கணக்கில் தாக்கித் தாக்கி, ஆறி ஆறி, கல்லீரல் தழும்பாகிப் போகிறது. வாயிலும் அதே கை, அதே அடி. வித்தியாசம் ஒன்றுதான்: கல்லீரலில் நரம்பு எரியாது, கண்ணாடியில் தெரியாது. வாய் எரியும், தெரியும். அக்காவின் உடம்புக்குள் முப்பத்திரண்டு ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்த ஒரு சண்டை, அவள் வாயில் மட்டும் வெளிச்சத்துக்கு வந்திருந்தது என்று நினைத்துக்கொண்டேன். இதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். வைரஸின் ஒரு பகுதியும் நம் செல்லின் ஒரு பகுதியும் ஒத்திருப்பதால் குழப்பம் வருகிறது என்று கருதுபவர்களும் உண்டு. எது சரியானாலும் அது தற்செயல் என்று என்னால் இனிச் சொல்ல முடியாது.

இந்த வைரஸ் கல்லீரலுக்கு வெளியே கைநீட்டுவது புதிதும் அல்ல. ரத்தக் குழாய்களை அழற்றும் புரதப் படிவுகள், சிறுநீரகப் பாதிப்பு, வெயில் பட்டால் கொப்புளிக்கும் தோல் நோய், உமிழ்நீர் வற்றிப்போதல் என்று அதன் பட்டியல் நீளம். அக்காவுக்கு நாக்கும் உலர்ந்துதான் இருந்தது. வயதாகிறது என்று நினைத்திருந்தோம்.

பரிசோதனை முடிவு பத்து நாளில் வந்தது. எதிர்ப்பொருள் இருக்கிறது.

எதிர்ப்பொருள் இருந்தால் நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இது எங்களுக்கு அப்போது தெரியாது, யாரும் முதலில் சொல்லவும் இல்லை. வைரஸ் உடம்பில் புகுந்தவர்களில் ஏறத்தாழ முப்பது சதவீதத்தினர் ஆறு மாதத்துக்குள் மருந்தில்லாமலே அதை வெளியேற்றிவிடுவார்கள். எதிர்ப்பொருள் மட்டும் வாழ்நாள் முழுக்கத் தங்கும். வைரஸ் இப்போதும் இருக்கிறதா என்று தெரிய ஆர்.என்.ஏ. பரிசோதனை வேண்டும். முதல் முடிவுக்கும் இரண்டாவது முடிவுக்கும் இடையே எங்களுக்கு இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தில் அக்கா தன் தட்டையும் குவளையையும் தனியாக எடுத்து வைத்துவிட்டாள். பேரக் குழந்தையைத் தூக்கவில்லை. அத்தான் ஒன்றும் சொல்லாமல் அவள் குவளையிலேயே தண்ணீர் ஊற்றிக் குடித்துக் காட்டினார். அதிகம் பேசாத மனிதர் அவர். நான் படித்த எந்த விளக்கத்தையும்விட அந்தக் குவளைத் தண்ணீர் அவளைத் தேற்றியது.

அவர் செய்தது அறிவியலின்படியும் சரி. ஹெபடைடிஸ் சி ரத்தத்தின் வழியாகப் பரவுவது. ஒரே பாத்திரத்தில் சாப்பிடுவதாலோ, கட்டிக்கொள்வதாலோ, முத்தத்தாலோ, தாய்ப்பாலாலோ பரவுவதில்லை. தனியாக வைத்துக்கொள்ள வேண்டியவை ரத்தம் படக்கூடியவை: சவரக் கத்தி, நகவெட்டி, பல் தேய்க்கும் பிரஷ். அக்காவைப் போல ஈறில் ரத்தம் கசிகிறவர்கள் பிரஷ் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். அதன்படி குளியலறையில் அவள் பிரஷ் தனிக் குவளைக்குப் போனது. இரண்டாவது மகள் 1990-இல் பிறந்தவள். வைரஸ் உள்ள தாயிடமிருந்து பிரசவத்தின்போது குழந்தைக்குப் போகும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு. அவளையும் சோதித்தார்கள். இல்லை. அந்தச் செய்தி வந்த நாளில்தான் அக்கா முதன்முறையாக அழுதாள்.

வெளியே சொல்வதுதான் கடினமாக இருந்தது. "எப்படி வந்தது?" என்ற கேள்வி நோயைவிடக் கூர்மையானது. கேட்பவர்கள் விடையைத் தாங்களே வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். ஊசியால் போதை ஏற்றிக்கொள்பவர்களுக்கு வரும் நோய் என்று எங்கோ கேள்விப்பட்டிருப்பார்கள். அவர்களுக்கு வந்தாலும் அது நோய்தான். அவர்களுக்கும் அதே மருந்தும் அதே மரியாதையும் உரியவைதான். சரியாகக் கழுவாத ஊசியால் வந்தவர்கள், ரத்தச் சுத்திகரிப்பின்போது வந்தவர்கள், பச்சை குத்தியதால் வந்தவர்கள், எப்படி வந்தது என்றே தெரியாதவர்கள் என்று எத்தனையோ பேர். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் சுமார் 5 கோடிப் பேர் இந்த வைரஸோடு வாழ்கிறார்கள். 2022-இல் மட்டும் ஏறத்தாழ 2,42,000 பேர் இதனால் இறந்தார்கள். அந்த ஆண்டின் முடிவுவரை, நோய் உள்ளவர்களில் தங்களுக்கு இருப்பதை அறிந்தவர்கள் 36 சதவீதம்தான். மீதிப் பேர் அக்கா 2019 வரை இருந்தது போல இருக்கிறார்கள்.

ஆர்.என்.ஏ. முடிவும் வந்தது. வைரஸ் இருந்தது. கல்லீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று ஒலியலையால் அளக்கும் கருவியில் படுக்க வைத்துப் பார்த்தார்கள். தழும்பு நடுத்தர அளவில் இருந்தது. சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்கத்துக்கு இன்னும் போகவில்லை. நாள்பட்ட ஹெபடைடிஸ் சி உள்ளவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு இருபது ஆண்டுகளுக்குள் அந்தச் சுருக்கம் வரலாம் என்று படித்திருந்தேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியும் அவளுக்கு வரவில்லை. கல்லீரல் மருத்துவர் அளவைப் பார்த்துவிட்டு, "நல்ல நேரத்தில் வந்திருக்கிறீர்கள்" என்றார். நாங்களாக வந்தோமா? ஒரு கேள்வி எங்களை அங்கே அனுப்பியது.

ஒரு பத்தாண்டு முன்னதாக அந்தக் கேள்வி வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்றும் யோசித்திருக்கிறேன். அப்போது மருந்து என்றால் இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும். ஆறு மாதம் அல்லது ஒரு வருடம். காய்ச்சல், சோர்வு, மனச்சோர்வு. இவ்வளவையும் தாங்கியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் வைரஸ் போகும். அதைவிடக் கொடுமை ஒன்று: இன்டர்ஃபெரான் நோயெதிர்ப்பு அணுக்களைக் கிளப்பிவிடும் மருந்து. வாயில் ஏற்கெனவே கிளம்பி நிற்பவை அவைதானே! அந்த ஊசி போட்டுக்கொண்ட சிலருக்கு லைக்கன் பிளானஸ் மோசமானதையும், சிலருக்குப் புதிதாகவே வந்ததையும் மருத்துவ ஏடுகளில் எழுதியிருக்கிறார்கள். கல்லீரலைக் காப்பாற்ற வாயைப் பலி கொடுக்கும் நிலைமை.

2013-இன் இறுதியில் சோஃபோஸ்புவிர் அங்கீகாரம் பெற்ற பிறகு எல்லாம் மாறியது. இந்தப் புதிய மருந்துகள் நோயெதிர்ப்பைக் கிளப்பாமல், வைரஸ் தன்னைப் படியெடுத்துக்கொள்வதையே தடுக்கின்றன. அக்காவுக்கு சோஃபோஸ்புவிர், வெல்பட்டாஸ்விர் இரண்டும் சேர்ந்த மாத்திரை. ஒரு நாளைக்கு ஒன்று, பன்னிரண்டு வாரம். தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று பார்த்தார்கள். அது மறைந்திருந்தால் சி விலகும்போது கிளர்ந்தெழக்கூடும் என்பதால் இந்த முன்னெச்சரிக்கை அவசியம். அவள் தினமும் சாப்பிடும் மற்ற மருந்துகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பிறகு எண்பத்துநான்கு மாத்திரைகள். நாட்காட்டியில் ஒவ்வொரு நாளையும் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தாள். லேசான தலைவலி தவிர ஒன்றும் இல்லை. முடிந்து பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி ஆர்.என்.ஏ. பார்த்தார்கள். வைரஸ் இல்லை. இந்த மருந்துகளை முழுதாக எடுத்துக்கொள்பவர்களில் 95 சதவீதத்துக்கும் மேலானவர்கள் இப்படிக் குணமாகிறார்கள். முப்பத்திரண்டு வருட நோய்க்கு மூன்று மாத மாத்திரை.

வாய்? எல்லோரும் கேட்பது இதைத்தான். நானும் வைரஸ் போனால் கோடுகளும் போகும் என்று நம்பியிருந்தேன். ஜப்பானிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்த சிறிய ஆய்வுகளில், புதிய மருந்துக்குப் பிறகு பலருக்கு வாய்ப் புண் குறைந்ததாகவும், சிலருக்கு முற்றிலும் மறைந்ததாகவும் படித்திருந்தேன். அக்காவுக்கு மாத்திரை முடிந்த சில மாதங்களில் ஈறு உரிவது நின்றது. எரிச்சல் பெருமளவு அடங்கியது. ஆனால் கோடுகள் போகவில்லை. இரு கன்னங்களிலும் அப்படியே இருக்கின்றன. அடங்கியது வைரஸ் போனதாலா, விடாமல் தடவிய குளோபெட்டசால் களிம்பாலா, அல்லது இந்த நோய் இயல்பாகவே ஏறி இறங்கும் தன்மை கொண்டது என்பதாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே ஓர் ஆளை வைத்து அதைச் சொல்லவும் கூடாது. தொடர்பு என்ற சொல்லை நாம் காரணம் என்று கேட்டுப் பழகிவிட்டோம். காரணத்தை நீக்கினால் விளைவும் நீங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஒருமுறை சொந்தச் சவ்வைத் தாக்கப் பழகிய டி செல்கள், ஏவியவன் போன பிறகும் தாக்கிக்கொண்டே இருக்கலாம்.

கோடுகள் இருக்கும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைக் காட்ட வேண்டும். வாய் லைக்கன் பிளானஸ் உள்ளவர்களில் ஆண்டுகள் போகப் போக நூற்றில் சுமார் ஒருவருக்கு அந்த இடத்தில் புற்றுநோய் வரக்கூடும் என்பதால்தான் இது. புதிதாகத் தடித்தாலோ, ஆறாத புண் ஒரு பக்கத்தில் மட்டும் நின்றாலோ மறுபடியும் திசுப் பரிசோதனை. கல்லீரலுக்கும் அவ்வப்போது அளவு பார்க்கிறார்கள். வைரஸை விரட்டிவிட்டோம் என்பதற்காக அது மறுபடி வராது என்பதும் இல்லை. இதற்குத் தடுப்பூசி கிடையாது, ஒருமுறை குணமானது கவசமும் ஆகாது.

மருத்துவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வாயில் இந்தக் கோடுகளைப் பார்த்தால், களிம்பு எழுதும் முன், ரத்தம் ஏற்றியதுண்டா, பழைய அறுவைச் சிகிச்சை உண்டா, எப்போதாவது மஞ்சள் காமாலை வந்ததா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்கள். அமெரிக்காவில் 2020-இலிருந்து, வாயில் ஒன்றும் இல்லாவிட்டாலும், பெரியவர்கள் ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் பரிந்துரைக்கிறது. அப்படியிருக்க, வாயில் ஒரு தடயத்தோடு வந்து உட்கார்ந்திருப்பவரிடம் கேட்பதற்கு என்ன தயக்கம்? பிரிட்டன் ஆய்வில் தொடர்பு இல்லையே என்று ஒரு மருத்துவர் என்னிடம் சொன்னார். உண்மைதான். ஆனால் குணப்படுத்தக்கூடிய ஒரு நோயைத் தேடுவதற்கு எவ்வளவு உறுதியான ஆதாரம் வேண்டும்? தேடிக் கிடைக்காவிட்டால் இழப்பு ஒரு குழாய் ரத்தம். தேடாமல் விட்டால் இழப்பு ஒரு கல்லீரலாக இருக்கலாம்.

அந்த இளம் மருத்துவர் இப்போது அங்கே இல்லை. பயிற்சி முடிந்து வேறெங்கோ போய்விட்டார். அவர் பெயரை அக்கா தன் பரிசோதனைக் கோப்பின் உள்ளட்டையில் எழுதி வைத்திருக்கிறாள்.

போன மாதம் அவள் வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். காலையில் குளியலறையில் பார்த்தால், அவள் பிரஷ் இன்னும் அந்தத் தனிக் குவளையிலேயே இருக்கிறது. மற்றவர்களுடையது ஒரு குவளையில், அவளுடையது ஓரத்தில் இன்னொன்றில்.

"இனி இது வேண்டாமே அக்கா" என்றேன்.

"தெரியும் தம்பி" என்றாள். கைவிளக்கை வாய்க்குள் அடித்துக் கண்ணாடியில் இடது கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வலது கன்னத்துக்கு மாற்றினாள்.